அன்னா மணிக்குக் கிடைக்காத பட்டம்

வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்யப் பாடுபட்டவர்களில் முன்னணியில் இருந்தவர் அன்னா மணி. அவர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. நம் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை என்பது இன்னும் குறைவாகவே தெரியும்.

1918-இல் பீர்மேட்டில், ஏலத் தோட்டம் வைத்திருந்த ஒரு பொறியாளரின் மகளாகப் பிறந்தார். ஆண் பிள்ளைகளுக்கு உத்தியோகம், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்பது அந்த வீட்டு வழக்கம். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் போதும் என்றாராம்.

பின்னால் அதே வைரம்தான் அவருக்கு ஆராய்ச்சிப் பொருளானது. 1939-இல் ஆனர்ஸ் முடித்து, 1940-இல் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். வைரத்தின் நிறமாலை ஒரு தகட்டில் பதிய 15, 20 மணி நேரம் பிடிக்கும். இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்த்தார். ஆண் மாணவர்களும் பெண் மாணவிகளும் கலந்து பழகுவது ராமனுக்குப் பிடிக்காது. சக மாணவர்களோடு பேசி, விவாதித்துக் கற்கும் வாய்ப்பு பெண்களுக்குக் குறைவு. அப்படியும் 1942 முதல் 1945 வரை தனியொருவராக ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. இல்லாதவருக்குப் பிஎச்.டி. கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனர்ஸ் பட்டமும் ஐந்து வருட உழைப்பும் கணக்கில் வரவில்லை. அதே ஆய்வகத்தில் உழைத்த சுனந்தா பாய்க்கும் பட்டம் கிடைக்கவில்லை.

அன்னா மணி சோர்ந்துவிடவில்லை. அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி, புனே வானிலைத் துறையில் சேர்ந்தார். சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, உள்நாட்டிலேயே தயாரிக்க வைத்தார். 1976-இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி அவர் எழுதிய நூல்கள் சூரிய சக்தித் துறையினருக்குக் கைவிளக்காயின.

பட்டம் இல்லாததால் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே அவர் சொல்லி வந்தார். அது அவருடைய பெருந்தன்மை. அதை வைத்து நாம் சமாதானம் அடைந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. "பெண் என்பதால் தரமாட்டோம்" என்று எந்தக் கோப்பிலும் யாரும் எழுத மாட்டார்கள், விதியைத்தான் காட்டுவார்கள். அன்னா மணிக்கு வேறு வழி திறந்தது. திறக்காமலே போன பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது.

அவருடைய ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. பேத்திகளைப் பெங்களூரில் படிக்க வைத்திருப்பவர்கள், ஒருமுறை அதைப் பார்த்துவரச் சொல்லுங்கள்.