படம் தெரியும் தொலைபேசியும் படத்தில் இல்லாதவர்களும்



சென்ற வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பெரிய விவாதம் ஓடியது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இன்னும் இருபது ஆண்டில் எந்த வேலை இருக்கும், எது போகும், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்றெல்லாம் பேசினீர்கள். "சார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வரலாற்று வாத்தியாரிடம் எதிர்காலத்தைக் கேட்டால் அவன் பின்பக்கம்தான் திரும்பிப் பார்ப்பான். நமக்கு முன்னால் இருந்தவர்கள் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்தார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்ல முடியும். அதற்கு ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். தினமும் நீங்கள் பயன்படுத்தும் வீடியோ கால்தான் அது. பதிவு கொஞ்சம் நீளம். ஆற அமரப் படியுங்கள்.

கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியது 1876 மார்ச்சில். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, 1878 டிசம்பரில் லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழ் ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. வரைந்தவர் ஜார்ஜ் டு மோரியர். எடிசன் அடுத்து இதைத்தான் கண்டுபிடிப்பார் என்று சொல்லி, அந்தக் கற்பனைக் கருவிக்கு 'டெலிபோனோஸ்கோப்' என்று பெயரும் வைத்தார். படுக்கையறையில் கணப்படுப்புக்கு மேலே சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் இளைஞர்கள் பந்து விளையாடுவது தெரிகிறது. இந்தப் பக்கம் வயதான அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து, பேசும் குழாயைப் பிடித்துக்கொண்டு, திரையில் தெரியும் மகளிடம் பேசுகிறார்கள். அங்கே புதிதாக வந்திருக்கும் பெண் யார் என்று அப்பா விசாரிக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அறிமுகம் செய்கிறேன் என்கிறாள் மகள்.

அந்த மகள் இருந்த ஊர் எது தெரியுமா? இலங்கை.

இப்போது உங்களில் பல பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கோத்தகிரி, கூடலூர் பக்கம் என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேருடைய தாத்தா பாட்டி அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் படம் வந்த ஆண்டைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடும் பஞ்சம். நம் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, அதுதான். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கங்காணியின் பின்னால் கப்பலேறினார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே இறந்தார்கள். அன்று இலங்கை காப்பித் தோட்டங்களின் நாடு. தேயிலை பெரிதாகப் பரவியது அதற்குப் பிறகுதான்.

துரைமார்களின் பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச ஒரு கருவி வேண்டும் என்று லண்டனில் ஒருவருக்குத் தோன்றியது. அதே மலையில் லயத்து அறையில் கிடந்தவர்களும் அம்மா அப்பாவை ஊரில் விட்டு வந்தவர்கள்தானே? அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதக்கூட எழுத்து தெரிந்த ஆள் தேட வேண்டியிருந்தது. அந்தச் சித்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை. டு மோரியரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எதிர்காலத்தை வரைகிறவர் பெரும்பாலும் தன் வீட்டையே வரைகிறார், அவ்வளவுதான்.

அதன் பிறகு இந்தக் கனவு நிற்கவே இல்லை. 1880களில் ஆல்பர்ட் ரொபிடா என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1950களில் நடக்கும் ஒரு நாவலில் இதே கருவியைக் கொண்டுவந்தார். அதில் மக்கள் வீட்டிலிருந்தே நாடகம் பார்க்கிறார்கள். நம் பாரதியும் காசிப் புலவர்களின் பேச்சைக் காஞ்சியில் இருப்பவர் கேட்க ஒரு கருவி வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் 1921ல் மறைந்தார். 1924ல் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது.

கருவியைச் செய்தும் பார்த்தார்கள். 1927ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் வாஷிங்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஹெர்பர்ட் ஹூவரின் முகத்தைக் கம்பி வழியாக அனுப்பியது. 1936ல் ஜெர்மன் தபால் துறை பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே பொதுமக்களுக்கே சேவை தொடங்கியது. இரு ஊரிலும் தபால் நிலையத்துக்குப் போய்க் கூண்டில் உட்கார்ந்து பேச வேண்டும். உலகப்போர் வந்ததும் அது நின்றுபோனது.

இனி 1964க்கு வருவோம். நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஏடி அண்ட் டி நிறுவனம் 'பிக்சர்போன்' என்ற கருவியை வைத்தது. கண்காட்சிக்கு வந்தவர்கள் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இருப்பவர்களோடு முகம் பார்த்துப் பேசினார்கள். இதுதான் எதிர்காலம் என்று பத்திரிகைகள் எழுதின.

அதே 1964 அக்டோபரில் டெல்லியில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர் 9,75,000 பேர் கணக்கெடுக்கப்பட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை என்று வீடுகள் இரண்டாயின. உலகிலேயே முகம் பார்த்துப் பேசும் கருவி மிகவும் தேவைப்பட்ட மக்கள் யார் என்று அந்த ஆண்டில் கேட்டிருந்தால், நான் இவர்களைத்தான் சொல்வேன். கருவியோ நியூயார்க்கில் வேடிக்கைப் பொருளாக இருந்தது.

அந்த வேடிக்கை என்ன ஆனது? நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களில் கூண்டுகள் வைத்தார்கள். மூன்று நிமிடப் பேச்சுக்கு 16 முதல் 27 டாலர் வரை கட்டணம். கூட்டம் வரவில்லை. 1970ல் பிட்ஸ்பர்க் நகரில் அலுவலகங்களுக்குக் கொடுத்தார்கள். மாதம் 160 டாலர், அரை மணி நேரத்துக்கு மேல் பேசினால் நிமிடத்துக்கு 25 சென்ட் கூடுதல். 1980க்குள் பத்து லட்சம் கருவிகள் இருக்கும் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. சில நூறைத் தாண்டவில்லை. காரணம் எளிது. எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே கருவி இருந்தால்தான் பார்க்க முடியும். முதலில் வாங்குகிறவர் யாரைப் பார்ப்பது? அதோடு, காலையில் தலை வாராமல் தொலைபேசியை எடுக்கும் வசதியை விட்டுக்கொடுக்கவும் ஆட்களுக்கு மனமில்லை.

1968ல் வந்த '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படத்திலும் இந்தக் கருவி வருகிறது. விண்வெளி நிலையத்திலிருந்து ஓர் அப்பா பூமியில் இருக்கும் தன் சின்ன மகளோடு பேசுவார். கதையை எழுதிய இருவரில் ஒருவரான ஆர்தர் கிளார்க் இலங்கையில் குடியேறியவர். மறுபடியும் அப்பாவும் மகளும், மறுபடியும் இலங்கை வாசனை! ஆனால் அந்தக் காட்சியில் ஒன்றைப் பாருங்கள். மனிதன் விண்வெளிக்கே போய்விட்டான். பேசுவதற்கு மட்டும் இன்னும் ஒரு கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, முடிந்ததும் கட்டணம் கட்டுகிறான். நம் ஊர் எஸ்டிடி பூத் போலவே. ராக்கெட்டைக் கற்பனை செய்ய முடிந்தது, சட்டைப் பையில் தொலைபேசி இருக்கும் என்று கற்பனை செய்ய முடியவில்லை.

உண்மையில் வழி திறந்தது யாரும் பார்க்காத இடத்தில். அன்றைய பிக்சர்போன் படம் ஒன்றை அனுப்ப, நூற்றுக்கும் மேற்பட்ட சாதாரணத் தொலைபேசிப் பேச்சுகள் அடங்கும் அளவுக்கு இடம் தேவைப்பட்டது. படத்தைச் சுருக்க ஒரு கணக்கு வேண்டும். பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த நசீர் அகமது அதைக் கண்டுபிடித்தார். அந்த ஆய்வுக்கு முதலில் அவர் நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. 1974ல் நடராஜன், ராவ் என்ற இருவருடன் சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார். படத்தில் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டு முக்கியமானதை மட்டும் அனுப்பும் முறை அது. இன்று நீங்கள் அனுப்பும் புகைப்படத்திலும் வீடியோ காலிலும் அந்தக் கணக்கின் வழிவந்தவைதான் ஓடுகின்றன.

இன்னொரு வேடிக்கை. 1991ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில் காப்பிப் பாத்திரம் ஒன்று இருந்தது. மாடி ஏறி இறங்கி வந்து பார்த்தால் காலியாக இருக்கும். அலுத்துப்போன ஆய்வாளர்கள் அதன் முன் ஒரு கேமராவை வைத்து, தங்கள் கணினியிலிருந்தே காப்பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். 1993ல் அது இணையத்துக்கும் வந்தது. கோடிக்கணக்கில் டாலர் கொட்டிய நிறுவனத்துக்கு வராதது, காப்பிக்குச் சோம்பல்பட்டவர்களுக்கு வந்தது.

பிறகு ஸ்கைப் வந்தது. 2016ல் நம் நாட்டில் இணையக் கட்டணம் சரிந்தது, அதே ஆண்டு வாட்ஸ்அப்பிலும் வீடியோ வந்தது. 1878ல் படத்துக்குள் வராத குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கூடலூர் தேயிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டு அட்டனில் இருக்கும் சித்தியின் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். தனிக் கட்டணமும் இல்லை, கூண்டும் இல்லை. அந்தக் கனவு உண்மையில் பலித்த நாள் இதுதான் என்பேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதிர்காலம் பற்றி யார் என்ன சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தில் யார் இல்லை? எது மலிவானால் இது எல்லாருக்கும் போய்ச் சேரும்? எல்லாம் மாறினாலும் மாறாத தேவை எது? பத்து ஆண்டில் இத்தனை லட்சம் என்று எண்ணிக்கை சொல்பவரைவிட, இந்த மூன்றுக்கும் பதில் சொல்பவரை நம்பலாம். பிள்ளைகளின் படிப்பு விஷயத்திலும் அப்படித்தான். இன்று விளம்பரத்தில் வரும் கருவியின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். நசீர் அகமதின் கணக்கு மாதிரி அடியில் கிடக்கும் பாடங்களுக்கு ஆயுள் அதிகம். மனிதர்களுக்கு எது வேண்டும் என்று புரிந்துகொள்ளும் படிப்புக்கும் அப்படியே.

ஒன்றை மட்டும் பயத்தோடு சொல்கிறேன். 1909ல் இ. எம். பார்ஸ்டர் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதிலும் ஓர் அம்மாவும் மகனும் உலகின் இரு பக்கத்தில் இருந்து திரை வழியே பேசுகிறார்கள். நேரில் வா அம்மா என்று மகன் கெஞ்சுகிறான். திரையில்தான் பார்க்கிறோமே, எதற்கு வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளில் இது திரும்பி நடக்கிறது. அம்மா ஊரில் காத்திருக்கிறாள், பிள்ளைகள் திரையில் பார்த்துவிட்டோம் என்று திருப்திப்படுகிறார்கள். தினமும் பேசுவது நல்லதுதான். அதைக் காரணம் காட்டிப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

முடிக்கும் முன் வரலாற்று ஆசிரியனாக ஒரு வேண்டுகோள். 1960, 70களில் மலையகத்திலிருந்து வந்த கடிதங்கள் உங்களில் சில வீடுகளில் தகரப் பெட்டியில் இருக்கும். ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்களும் இருக்கும். அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் பெயரும் ஊரும் பென்சிலால் எழுதி வையுங்கள். வீடியோ காலில் மணிக்கணக்கில் பேசுகிறோம், பேசியதில் ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை. அடுத்த முறை அட்டனுக்குப் பேசும்போது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு புறப்பட்டார்கள், யார் அங்கேயே தங்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதில் சொல்ல விருப்பமானதை இங்கே கீழே பகிருங்கள். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.