ரொட்டி நம்ம சாப்பாடு ஆன கதை

விடியக் காலை நாலரை மணிக்கு லயத்தில் கேட்கிற முதல் சத்தம் ரொட்டி தட்டுகிற சத்தம்தான். கோதுமை மா, உப்பு, இருந்தால் கொஞ்சம் தேங்காய்ப்பூ. சுட்டு எடுத்து சம்பலோடு சுற்றிக் கொடுத்தால், பால் வெட்டப் போகிறவருக்கும் கொழுந்து எடுக்கப் போகிறவருக்கும் சாப்பாடு ரெடி. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்கு ரொட்டி என்றால் வீடு. ஆனால் இந்த மலைகளில் கோதுமை விளைவதில்லை. அப்படியென்றால் இது எப்படி நம்ம சாப்பாடு ஆனது?

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பக்கமிருந்து வந்த நம்ம ஆட்கள் கேழ்வரகும் கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவர்கள். தோட்டத்தில் கிடைத்ததோ கப்பலில் வந்த அரிசி. அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். என்ன சாப்பிடுவது என்பதை அப்போதே வேறு யாரோதான் தீர்மானித்தார்கள்.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசி குறைந்து கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. 1954இல் அமெரிக்கா கொண்டுவந்த பி.எல். 480 சட்டம் அங்கே மிஞ்சிய தானியத்தைச் சலுகையில் வெளிநாடுகளுக்கு அனுப்பியது. இலங்கைக்கும் மா வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை ஓடத் தொடங்கிய பிறகு மா இல்லாத கடையே இல்லை.

வேலைக்கும் அது தோதாக இருந்தது. சோறு என்றால் கறி வேண்டும், நேரம் வேண்டும். ரொட்டியை மடித்துக் கொண்டுபோய் மலையிலேயே தின்னலாம்.

இதே மாதிரி ஒரு கதை ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. மக்காச்சோளமும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசக் கப்பல்கள் வழியாக ஆப்பிரிக்கா போயின. தென்பகுதிச் சுரங்கங்களில் தொழிலாளிக்குப் பங்காக அளந்து கொடுத்ததும் மக்காச்சோள மாதான். அதுவரை நம்ம கதையேதான். ஆனால் அங்கே கிராமத்து ஆட்கள் அந்த விதையைத் தங்கள் நிலத்திலும் போட்டார்கள். கென்யாவின் உகாலி, சாம்பியாவின் இன்ஷிமா எல்லாம் இன்று அந்த நிலத்துச் சாப்பாடு. நமக்கு வந்தது விதை இல்லை, அரைத்த மா. விதையாகவே வந்திருந்தாலும் போட நிலம் ஏது?

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று 1973, 74இல் தெரிந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, அரசு பங்கீட்டை வெட்டியது. பக்கத்துக் கிராமத்தில் பலா இருந்தது, ஈரப்பலா இருந்தது, மரவள்ளி இருந்தது. லயத்துக்காரர்களுக்குக் கடைதான் இருந்தது. அந்த வருடங்களில் தோட்டங்களில் பசியால் செத்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் அப்பாயிமார் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

2022இல் மறுபடியும் அதேதான். டொலர் இல்லை, உக்ரைனில் போர், ஒரு கிலோ மா 300 ரூபாயைத் தாண்டியது. நகரத்தில் பாண் விலை ஏறியது என்றார்கள். லயத்தில் காலைச் சாப்பாடும் பகல் சாப்பாடும் சேர்ந்தே ஏறின.

1975இல் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் கைமாறிய இரண்டு தடவையும் அதில் உழைத்தவர் கைக்கு வரவில்லை. இப்போது வீட்டுத்திட்டத்தில் பேசப்படுவதும் சில பேர்ச்சஸ்தான். வீட்டைக் கட்டினால் மரவள்ளி நட எவ்வளவு மிஞ்சும்?

ரொட்டியை விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, அது நம்ம ருசி. ஆனால் மலையக மக்களின் காணி உரிமை பற்றிப் பேசும்போது வீட்டை மட்டும் பேசாமல் அடுப்பையும் பேசுவோம். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: எழுபத்து நாலில் என்ன சாப்பிட்டீங்க?