ஊட்டச்சத்துத் துணைப்பொருட்கள்: அரியலூர், பெரம்பலூர் வட்டாரம்

ஊட்டச்சத்துத் துணைப்பொருட்கள் என்பவை அன்றாடச் சாப்பாட்டுக்கு மேல் மாத்திரை, சொட்டு மருந்து, சிரப், மாவு, பவுடர் எனப் பல வடிவங்களில் எடுத்துக்கொள்ளும் வைட்டமின், தாது, புரதம் முதலியவை. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கும் அரியலூர் மாவட்டத்துக்கும் பக்கத்துப் பெரம்பலூருக்கும் இவை இரண்டு வழியாக வருகின்றன. அங்கன்வாடி, பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை மூலம் அரசு கொடுப்பது ஒரு வழி. ஜெயங்கொண்டம், அரியலூர் கடைத்தெருவிலும் ஜிம்மிலும் இணையத்திலும் காசு கொடுத்து வாங்குவது இன்னொரு வழி. முதல் வழியில் வருவதைச் சந்தேகத்தோடு பார்ப்பதும், இரண்டாவதைக் கேள்வி கேட்காமல் விழுங்குவதும் இங்கே சகஜம். ஆராய்ச்சிகள் சொல்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

திருச்சி மாவட்ட வைட்டமின் ஏ ஆய்வு

பெரம்பலூர் 1995இல்தான் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்து, மீண்டும் இணைந்து, 2007இல் நிலையாகத் தனித்து நின்றது. அதற்கு முன் இந்த வட்டாரம் முழுவதும் திருச்சி மாவட்டம். துணைச்சத்து பலன் தருமா என்ற கேள்விக்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று அந்தப் பழைய திருச்சி மாவட்டத்தில் நடந்தது. லட்சுமி ரஹ்மத்துல்லா தலைமையிலான குழு பள்ளி செல்லும் வயதை எட்டாத 15,419 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு முறை 8,333 அலகு வைட்டமின் ஏயும் கொஞ்சம் வைட்டமின் ஈயும்; மற்றப் பிரிவுக்கு வைட்டமின் ஈ மட்டும். எந்தக் குழந்தைக்கு எது போகிறது என்பது மறைத்து வைக்கப்பட்டிருந்தது. தொண்டர்கள் வாரந்தோறும் வீடு வீடாகப் போய் மருந்தைக் கொடுத்துவிட்டு, அந்த வாரம் பிள்ளைக்குப் பேதி கண்டதா, மூச்சிரைப்பு வந்ததா, உயிரோடிருக்கிறதா என்று எழுதிக்கொண்டார்கள்.

ஓராண்டில் 125 குழந்தைகள் இறந்தன. வைட்டமின் ஏ பெற்ற பிரிவில் இறப்பு அபாயம் மற்றதில் பாதிகூட இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், நெடுநாள் சத்துக்குறைவால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் ஆதாயம் அதிகம். முடிவுகள் 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியாயின.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத ஒரு முடிவும் உண்டு. வைட்டமின் ஏ எடுத்த பிள்ளைகளுக்குப் பேதியோ சளியோ குறைவாக வரவில்லை. அவர்கள் கூடுதலாக வளரவும் இல்லை. அதாவது, தன் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஆயிரக்கணக்கான வீடுகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டிய பிறகுதான் பிழைத்த உயிர்கள் தெரிந்தன. ‘நான் சாப்பிட்டுப் பார்த்தேன், நல்லா கேக்குது’ என்ற சாட்சியத்தை மருத்துவ ஆய்வு ஏன் ஏற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். ‘ஒண்ணும் கேக்கலை’ என்ற சாட்சியத்துக்கும் அதே கதிதான்.

குறை இல்லாத இடத்தில் துணைச்சத்து வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த சோதனையில், வைட்டமின் ஏயாக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சுமார் 18 சதவீதம் கூடியது (1994). அமெரிக்காவில் 25,871 பேருக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்ததில் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. வைட்டமின் ஏ குறித்த முடிவுகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை: உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகளிடம் வைட்டமின் ஏயைச் சோதித்தபோது (2013) திருச்சியில் கண்ட அளவு பலன் தென்படவில்லை. மருந்து உண்மையில் எத்தனை பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற சர்ச்சை அந்த ஆய்வைச் சுற்றி எழுந்தது.

இரும்புச்சத்து மாத்திரை

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பு, போலிக் அமில மாத்திரை ஹீமோகுளோபினை உயர்த்துகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. சிக்கல் விழுங்குவதில் இருக்கிறது. குமட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். ‘மாத்திரை சூடு’, ‘பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்’ என்ற பேச்சு வேறு. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரை, வளரிளம் பருவத்தினருக்கானது, பல நேரம் புத்தகப் பையிலேயே தங்கிவிடுகிறது. சாப்பாட்டோடு சேர்ந்தாற்போல் டீ, காபி குடித்தால் இரும்பு உடலில் ஏறுவது குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா அதை ஏற்றிவிடும்.

செறிவூட்டப்பட்ட அரிசி

ரேஷன் அரிசியில் 100 மணிக்கு ஒன்று என்ற அளவில், இரும்பும் போலிக் அமிலமும் பி12ம் கலந்த மாவை அரிசி வடிவில் அச்சிட்டுச் சேர்க்கும் முறை வந்தது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. களையும்போது இந்த மணிகளில் சில மிதக்கும், நிறமும் சற்று மாறியிருக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று அள்ளிக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. சேர்த்த சத்து முழுவதும் அந்தக் கைப்பிடியில்தான் இருக்கிறது. ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்துப் பிரகதீஸ்வரருக்கு மூட்டை மூட்டையாகச் சோறு வடித்து அன்னாபிஷேகம் செய்யும் ஊரில், அரிசியில் கைவைத்தால் கேள்வி எழாமல் இருக்காது. மிதக்கும் மணி பிளாஸ்டிக் இல்லை. ஆனால் இந்த அரிசி ரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்ற விளம்பரத்துக்கும் பலமான ஆதாரம் கிடையாது: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பாய்வு, ரத்தசோகை அபாயத்தில் மாற்றம் சொற்பமாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்றே கண்டது.

அங்கன்வாடித் திட்டங்கள்

‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் தொடங்கிவைத்தார். கடுமையாக எடை குறைந்த ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மாருக்கு நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு, இரும்புச்சத்து சிரப் முதலியன அடங்கிய பெட்டகம் தரப்படுகிறது. எல்லோருக்கும் பொதுவாக வாரி வழங்காமல், எடை போட்டுப் பார்த்துக் குறை உள்ள பிள்ளைக்குக் கொடுப்பது இதன் நல்ல அம்சம். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் இதே முறையில்தான் மாதந்தோறும் எடை பார்த்து, ஏறாத பிள்ளைக்கு மட்டும் துணை உணவு தந்தது.

புரோட்டீன் பவுடரும் ஜிம் பொருட்களும்

உடம்பு ஏற்ற நினைக்கும் இளைஞருக்குப் பயிற்சியாளர் முதலில் எழுதித் தருவது பாலிலிருந்து பிரிக்கும் வே புரோட்டீன். பளு தூக்கும் பயிற்சியோடு புரதம் கூட்டுவது தசையை வளர்க்குமா என்று பார்த்த 49 சோதனைகளை, மொத்தம் 1,863 பேர், 2018இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். வளர்க்கிறது, ஆனால் சராசரி ஆதாயம் சுமார் 300 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்தைத் தாண்டினால் மேற்கொண்டு பலன் இல்லை. 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். சாதமும் குழம்புமாகச் சாப்பிடுகிறவருக்கு அந்த அளவு எட்டாது என்பது உண்மை. இரண்டு முட்டை 12 கிராம், அரை லிட்டர் பால் 16 கிராம், நூறு கிராம் வேர்க்கடலை 25 கிராம். மூன்றும் சேர்ந்தால் 53 கிராம். பவுடரில் அது இரண்டு கரண்டிக்கு மேல். தசை கூட்டுவதற்காகப் புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் கூறியது. குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுக்கூடமே அந்த நிறுவனத்தின் மூலம்.

ஜிம்மில் விற்கும் மற்றப் பொருட்களில் கிரியேட்டின் மட்டும் சொன்னதைச் செய்யும் பொருள். நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் குறுகிய நேரக் கடும் பயிற்சியில் பலம் கூடும். முதல் வாரத்தில் ஏறும் எடை பெரும்பாலும் தசையில் தேங்கும் தண்ணீர். கண்ணாடி முன் நின்று மகிழ்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பயிற்சிக்கு முன் குடிக்கும் பானங்களின் முறுக்கு முக்கியமாகக் காபியிலுள்ள கஃபீனால் வருவது. புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறவருக்கு பி.சி.ஏ.ஏ. எனப்படும் அமினோ அமிலப் பவுடர் வீண் செலவு. கொழுப்பைக் கரைப்பதாக விற்கும் மாத்திரைகளில் சேர்க்கும் அடர் பச்சைத் தேயிலைச் சாறு கல்லீரலைத் தாக்கிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன.

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கேரள மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸ் குழு இந்தியச் சந்தையில் வாங்கிய 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டது. 25இல் புரத அளவு சீட்டில் அச்சிட்டபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. சட்டப்படி இவை உணவு, மருந்து அல்ல; இதற்கான விதிமுறைகளின் கீழ் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இவற்றைக் கட்டுப்படுத்துகிறது. நோய் தீர்க்கும் என்று சீட்டில் போடக் கூடாது. ஆனால் ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன் காட்ட வேண்டிய மனிதச் சோதனை ஆதாரத்தைப் பொதுவாக இவை காட்ட வேண்டியதில்லை. போட்டிகளுக்குப் போகும் வீரர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சீட்டில் இல்லாத ஸ்டீராய்டு பவுடரில் கலந்திருந்து சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லி முழுதாகத் தப்ப முடியாது. உடலில் கண்ட பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி.