புது மதர்போர்டில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடவில்லையா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்க!

புது மதர்போர்டு, பிராசஸர் வாங்கி கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தாச்சு. விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதற்குள் லினக்ஸைத் திறந்தால் மட்டும் எரர் வருகிறது. உடனே 'போர்டு போச்சு' என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில் இருப்பவர் போர்டை மாற்ற சென்னை ரிச்சி தெருவுக்குக் கிளம்பினால் ஒரு நாள் வேலை கெடும், போக்குவரத்துச் செலவு தனி. பெரும்பாலும் கோளாறு போர்டில் இல்லை. ஆஃப் ஆகியிருக்கும் ஒரே ஒரு செட்டிங்கில்தான் இருக்கிறது.

விர்ச்சுவலைசேஷன் என்றால் என்ன?

ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை சாஃப்ட்வேர் மூலம் ஓட்டுவதுதான் இது. விண்டோஸை அழிக்காமலே உபுண்டு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றை மாணவர்கள் பழகலாம். ப்ளூஸ்டாக்ஸில் ஆண்ட்ராய்டு கேம் ஆடவும் இதே வசதி உதவுகிறது. இதற்கு பிராசஸரின் துணை வேண்டும். இன்டெல் 2005-லும், ஏ.எம்.டி 2006-லும் இந்த வசதியைக் கொண்டுவந்தன. இன்டெலில் இதன் பெயர் விடி-எக்ஸ், ஏ.எம்.டி-யில் ஏ.எம்.டி-வி.

பிறகு ஏன் எரர் வருகிறது?

பிராசஸரில் வசதி இருந்தால் போதாது, மதர்போர்டின் பயாஸிலும் அது ஆன் ஆகியிருக்க வேண்டும். சில போர்டுகள் அது ஆஃப் ஆன நிலையிலேயே விற்பனைக்கு வருகின்றன. பழைய கம்ப்யூட்டரில் ஓடியது புதியதில் மக்கர் செய்ய முக்கியக் காரணம் இதுதான். 64 பிட் லினக்ஸ் திறக்காமல் போவது இதன் அறிகுறி.

சரிசெய்வது எப்படி?

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தொடுங்கள். 'விர்ச்சுவலைசேஷன்' என்ற இடத்தில் 'டிசேபிள்டு' என்று இருந்தால் பயாஸில் ஆஃப் ஆகியிருக்கிறது. 'எனேபிள்டு' என்றால் நேராக 4-வது படிக்குப் போங்க.

2. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் ரெகவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். பயாஸை மாற்றிய பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

3. ரீஸ்டார்ட் செய்து டெலிட் அல்லது எஃப்2 பட்டனை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும். சிபியு தொடர்பான பகுதியில் ஏ.எம்.டி போர்டு என்றால் 'எஸ்.வி.எம் மோட்', இன்டெல் என்றால் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்று இருக்கும். அதை எனேபிள் செய்து, எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள். பக்கத்திலேயே இருக்கும் விடி-டி வேறு, அதை ஆன் செய்தால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது.

4. அப்படியும் எரர் வந்தாலோ, ஆமை வேகத்தில் ஓடினாலோ, விண்டோஸின் ஹைப்பர்-வி அந்த வசதியை முதலில் எடுத்துக்கொண்டிருக்கலாம். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் அதை ஆஃப் செய்து பாருங்க. 'மெமரி இன்டெக்ரிட்டி'யும் இதேபோல் குறுக்கே நிற்கும். ஆனால் அது பாதுகாப்பு அம்சம், யோசித்தே அணைக்க வேண்டும்.

5. இன்ஸ்டால் செய்யும்போதே தடங்கல் என்றால் கதை வேறு. விர்ச்சுவல்பாக்ஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பு தேவை. அதை முதலில் போட வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது?

இதற்காக அவசரப்பட்டு பயாஸை அப்டேட் செய்ய வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் நல்ல போர்டும் முடங்கிவிடலாம். அப்டேட் செய்தாலோ, போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்தாலோ செட்டிங் பழையபடி ஆஃப் ஆகவும் வாய்ப்புண்டு.

கடைக்கு எப்போது போகலாம்?

பயாஸில் சேவ் செய்த பிறகும் டாஸ்க் மேனேஜர் 'டிசேபிள்டு' என்றே காட்டினால், பிராசஸரின் மாடல் எண்ணை அதன் நிறுவன இணையதளத்தில் போட்டு, அதில் இந்த வசதி உண்டா என்று பாருங்கள். உண்டு என்று இருந்தும் ஓடவில்லை என்றால், பில்லோடு கடைக்குக் கிளம்பலாம்.