இமயத்துப் பனிமனிதன்: காட்சியும் சொல்லும்

இமயமலையில் மயிரடர்ந்த மனிதவுருவொன்று உலவுகின்றது என்பாருடைய கூற்றினை ஆராயப் புகுவார், கண்டார் உரைத்ததனையும் கேட்டார் மொழிபெயர்த்ததனையும் பிரித்து நோக்குதல் வேண்டும். 1921-இல் எவரெசுட்டு மலையை ஆராயச் சென்ற ஓவர்டு-பரி, லக்பா கணவாயில் பெரிய அடிச்சுவடுகளைக் கண்டார். அவை ஓநாயினுடையனவாதல் கூடும் என்பது அவர் கருத்து. உடன்சென்ற சுமையாளரோ அவற்றை 'மெதோ காங்மி'யின் சுவடுகள் என்றனர். கல்கத்தா இதழாளர் என்றி நியூமன் அத்தொடரை 'அருவருக்கத்தக்க பனிமனிதன்' எனப் பெயர்த்தார். திபெத்திய மொழியில் 'காங்' பனியையும் 'மி' மனிதனையும் குறிக்கும். அருவருப்பு என்பதோ மொழிபெயர்ப்பில் விளைந்த பொருளேயாம்.

1925-இல் சிக்கிமின் செமு பனியாற்றருகே தொம்பாசி என்பார் கண்டது, புதர்களைப் பற்றியிழுத்தவாறு தொலைவில் நிமிர்ந்து நடந்த ஓர் உருவம். 1951-இல் எரிக் சிப்டன் படம்பிடித்தது அடிச்சுவடு மட்டுமே. 2017-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, பனிமனிதனுடையன எனப்பட்ட 9 பொருள்களுள் 8 கரடியினுடையன, ஒன்று நாயினுடையது எனக் காட்டிற்று. இதுகொண்டு கண்டார் அனைவரும் பொய்யுரைத்தார் எனல் பொருந்தாது. தெளிவின்றிக் கண்டதற்கு, வழங்கிவந்த பெயரே உருவம் தந்தது எனலாம். ஆகவே, கண்டார் சான்றினை மதிப்பிடுவார்க்கு அச்சான்றினைத் தாங்கிவந்த சொல்லின் வரலாற்றை ஆராய்தலும் கடனாகும்.