பணம் கொடுத்தாச்சா, கஜானாவில் போட்டாச்சா?

விமான் நகரில் வந்து குப்பை கொட்ட ஆரம்பித்ததிலிருந்து, நம்மூர்க்காரர்கள் எந்த நாட்டிலிருந்து போன் செய்தாலும் ஒரே கேள்விதான். "வக்கீல் சார், ஊர்ல நம்ம நிலத்தை அந்தக் காலத்துலயே சர்க்கார் எடுத்துட்டாங்க. நோட்டீஸ் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கு. நாங்க காசு வாங்கவே இல்லை. நிலம் திரும்பி வருமா?"

இதற்குப் பதில் புனேயில்தான் ஆரம்பிக்கிறது.

நில எடுப்புச் சட்டம் வெள்ளைக்காரன் 1894-ல் போட்டது. 1920-களில் இங்கே மேற்கே முல்ஷியில் டாடா அணைக்காக நிலம் போனது அதன்படிதான். சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் நடந்தும் அணை எழும்பிவிட்டது. சுதந்திரம் வந்தும் சட்டம் 2013 கடைசிவரை ஓடியது!

சரி, கதைக்கு வருவோம். 2002-ல் புனே மாநகராட்சி, வனப் பூங்கா அமைக்க சுமார் 44 ஏக்கர் வேண்டும் என்றது. 2008 ஜனவரி 31 அன்று இழப்பீடு முடிவானது, அன்றைக்கே நோட்டீஸும் போனது. சொந்தக்காரர்கள் வாங்கவில்லை. 27 கோடி ரூபாயை அரசு கஜானாவில் போட்டுவிட்டார்கள். வாங்க மறுத்தால் கோர்ட்டில் கட்டு என்றுதான் சட்டம் சொன்னது. கஜானா சர்க்காரோட சொந்தப் பை இல்லையா? இடது பையிலிருந்து வலது பைக்கு மாற்றினால் 'கொடுத்தாச்சு' ஆகிவிடுமா?

2014 ஜனவரி 1-ல் புதுச் சட்டம் வந்தது. இழப்பீடு முடிவாகி ஐந்து வருஷத்துக்கு மேலாகியும் நிலத்தைக் கையில் எடுக்கவில்லை 'அல்லது' பணம் கொடுக்கவில்லை என்றால் கையகப்படுத்தல் காலாவதி. அந்த மாதம் 24-ம் தேதியே நீதிபதி லோதா உள்ளிட்ட மூவர், கஜானாவில் போட்டது கொடுத்ததாகாது என்று புனே வழக்கை முடித்தார்கள். நாடு முழுக்க இதைக் காட்டி வழக்குகள் குவிந்தன.

2018-ல் இன்னொரு மூவர் அமர்வு அது தப்பு என்றது. 2020 மார்ச் 6-ல் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையில் ஐவர் அமர்வு புனே தீர்ப்பையே ரத்து செய்தது. (2018 தீர்ப்பை எழுதியவரும் அவரே. விலகச் சொன்னார்கள், மறுத்துவிட்டார்.) மாறியது ஒரே சொல்தான். "எடுக்கவில்லை அல்லது கொடுக்கவில்லை" என்பதை "எடுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை" என்று படிக்கச் சொன்னார்கள். பணத்தைக் கொடுக்க முன்வந்து அது கஜானாவில் கிடந்தாலும் சர்க்கார் கடமை முடிந்ததாம்.

வேண்டுமென்றே வாங்காமல் இருந்துவிட்டு நிலத்தைத் திருப்பிக் கேட்பவர்களை அடக்க இது சரி. ஆனால் நோட்டீஸே கண்ணில் படாத துபாய்க்காரர்? அவரும் அதே தராசில்தான். என்னைக் கேட்டால் 2014-ல் சொன்னதுதான் நியாயம், ஆனால் கோர்ட்டில் அது இனி எடுபடாது.

ஆகவே போனில் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: வாங்காமல் விட்ட பணத்தால் மட்டும் நிலம் திரும்பாது. கோர்ட்டில் கட்டாமல் விட்டதற்கு வட்டி கேட்கலாம். பழைய சட்டப்படி நிலத்தை எடுத்த நாளிலிருந்து முதல் வருஷம் 9 சதவீதம், அதற்குமேல் 15.