கிள்ளான் ஆற்றுச் சுங்கமும் நம் வீட்டுப் பார்சலும்

செமினியில் இருந்துகொண்டே சென்னையிலிருந்து ஒரு பட்டுச் சேலையையோ, கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாவாட்டும் கிரைண்டரையோ கைத்தொலைபேசி வழியாக வரவழைப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. பொருளுக்கு விலை கொடுத்தாயிற்று. அனுப்பும் கூலியும் கொடுத்தாயிற்று. அதற்கு மேலும் "சுங்கவரி கட்டுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. உழைத்துச் சேர்த்த காசை எண்ணிச் செலவழிக்கும் நமக்கு அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த வரி எதற்கு? இதைக் கேட்பவருக்கு அந்த உரிமை உண்டா? இந்த இரண்டாவது கேள்வியை ஒட்டி நம் சிலாங்கூரில் ஒரு போரே மூண்டது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

சுங்கம் தமிழருக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றி இறக்கிய பண்டங்களின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைச் சங்க நூலான பட்டினப்பாலை கூறுகிறது. 1070ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன், சுங்கத்தை நீக்கியதால் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றப்பட்டான். ஒரு வரியை நீக்கியதே அரசனுக்குப் பட்டப் பெயராயிற்று என்றால், அந்த வரி மக்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனிக் கிள்ளானுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலாங்கூரில் ஆறுகளே பாதைகள். உள்நாட்டில் எடுத்த ஈயம் படகில் கடலை நோக்கிச் சென்றது. அரிசியும் அபினும் கடலிலிருந்து மேலே வந்தன. ஆகவே ஆற்றின் வாயைக் கையில் வைத்திருந்தவரே வரி வாங்கினார். நம் செமினி ஆறு சென்று கலக்கும் லங்காட் ஆற்றின் கரையில் சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்தார். கிள்ளான் ஆற்றை ராஜா அப்துல்லா நிர்வகித்து வந்தார்.

1866இல் ராஜா அப்துல்லா, கிள்ளானில் வரி வாங்கும் உரிமையைச் சிங்கப்பூர் வணிகர்களான வில்லியம் ஹென்றி ரீட், டான் கிம் சிங் ஆகிய இருவருக்கும் குத்தகைக்கு விட்டார். முன்பு கிள்ளானை நிர்வகித்த ராஜா சுலைமானின் மகன் ராஜா மஹ்டி, அந்த உரிமை தமக்கே சேரவேண்டும் என்று கருதியவர். அவர் குத்தகைக்காரருக்கு வரி கட்ட மறுத்தார். 1867இல் சண்டை மூண்டது. கிள்ளான் கைமாறியது. கோலாலம்பூர் 1872இல் எதிர்ப்படையிடம் வீழ்ந்து, 1873இல் மீட்கப்பட்டது. ஈயச் சுரங்கங்கள் பாழாயின. வரி வேண்டுமா, வேண்டாமா என்பதன்று அந்தச் சண்டை. வாங்கும் உரிமை யாருக்கு என்பதே சண்டை. தலைவர்கள் மோதியதில் துன்பப்பட்டவர்கள் சுரங்கத் தொழிலாளரும் ஆற்றோரக் குடிமக்களுமே.

1874இல் ஆங்கிலேயர் சிலாங்கூர் ஆட்சியில் நுழைந்தனர். ஈயத்தின் ஏற்றுமதித் தீர்வை மாநிலக் கருவூலத்துக்குப் போயிற்று. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இரயில் ஓடியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது. நம் முன்னோரில் பலர் கப்பலிலிருந்து இறங்கியது அங்கேதான். அவர்கள் வெட்டிய பால்மரத்து ரப்பரும் அந்த வழியாகவே வெளியேறி, அரசுக்குத் தீர்வை ஈட்டித் தந்தது. ஆனால் அந்தப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்று சொல்ல அவர்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1957இல் நாடு விடுதலை பெற்ற பின், நாடாளுமன்றம் இயற்றிய 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமே வரி வாங்கும் அதிகாரத்துக்கு அடிப்படையாயிற்று. குத்தகைக்காரர் நின்ற இடத்தில் இன்று சட்டம் நிற்கிறது.

வரிக் கணக்கு எவ்வாறு அமைகிறது? பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியையும் காப்புறுதியையும் கூட்டுவார்கள். அந்தத் தொகை 1,000 வெள்ளி என்றும், இறக்குமதித் தீர்வை நூற்றுக்குப் பத்து என்றும் வைத்துக்கொள்வோம். தீர்வை 100 வெள்ளி. விற்பனை வரியும் நூற்றுக்குப் பத்து என்றால், அது 1,100 வெள்ளிக்குக் கணக்கிடப்படும். அதாவது 110 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 210 வெள்ளி. தீர்வை விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். தீர்வையே இல்லாத பொருள்களும் உண்டு.

சிறிய பார்சல்களுக்கு வேறு முறை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்கப்படும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் நூற்றுக்குப் பத்து விற்பனை வரி உண்டு. சுங்கத் துறையில் பதிவு பெற்ற விற்பனையாளரே அதை விலையோடு சேர்த்து வாங்கி அரசுக்குச் செலுத்துகிறார். புகையிலைப் பொருள்களும் மதுவும் இந்த முறையில் அடங்கா. ஆகவே, வாங்கும்போதே வரி கட்டியதைக் காட்டும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அதே வரியை இன்னொரு முறை கேட்டால் அதைக் காட்டலாம். விற்பனையாளர் "விலையைக் குறைத்து எழுதி அனுப்புகிறேன்" என்று சொன்னால் இணங்காதீர்கள். பொய்யாக விலை காட்டுவது குற்றம், பொருளும் பறிபோகலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "உங்கள் பார்சல் சுங்கத்தில் சிக்கியிருக்கிறது, உடனே இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று ஏமாற்றுக்காரர் தொலைபேசியில் மிரட்டுவதுண்டு. சுங்கத் துறை தனி ஆளின் வங்கிக் கணக்கில் வரி வாங்குவதில்லை. கூரியர் நிறுவனம் நமக்காக வரி கட்டிவிட்டு நம்மிடம் வசூலித்தால், சுங்க ரசீதைக் கேளுங்கள். வரி எவ்வளவு, நிறுவனத்தின் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் எதையுமே வரவழைக்கவில்லை என்றால் பேச்சை வளர்க்காமல் தொலைபேசியை வைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

நேயர்களே! அன்று கிள்ளான் ஆற்றில் படகோட்டி வந்தவர், வரி கேட்டவரின் ஆள்பலத்தைப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று நாம் சட்டத்தைக் கேட்கலாம், கணக்கைக் கேட்கலாம், ரசீதைக் கேட்கலாம். முறையான வரியைத் தயங்காமல் கட்டுவோம். முறையற்றுக் கேட்பவருக்கு ஒரு காசும் கொடாதிருப்போம்.